தட்டிப் பார்த்து வாங்கிய ஜாக்கி

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். கார் தூக்குகிற ஜாக்கியைத் தட்டிப் பார்த்து, காதோரம் வைத்து ஆட்டியும் பார்த்து வாங்கியவன் புதுக்கோட்டைச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாங்கிய பிறகு செய்தது அதைவிடப் பெரிய மடத்தனம். அதற்கும் மேலே ஒன்று செய்தேன். அதை மடத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் திருவரங்குளத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். டிராயிங் மாஸ்டருக்குக் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்; பதில் வருவதற்குள் வாங்கிவிட்டேன். திருமயத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் பத்து வருஷமாக அசையாமல் நின்ற கார். விற்ற காரியஸ்தர், "ஓடுங்க" என்றார். எப்போது ஓடும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாடுகள் அதை இழுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தன. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மாடுகளை நானே ஓட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போட்டிருந்த ஓட்டுக் கொட்டகையைக் காலி செய்து காரை நிறுத்தினோம். பொங்கலுக்கு மனைவியைக் கொடும்பாளூரில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்குக் காரில்தான் அழைத்துப் போவேன் என்று வாய்விட்டிருந்தேன். எஞ்சின் எப்படியோ உறுமிவிட்டது, ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. கோளாறு அடிவயிற்றில். யாராவது அடியில் படுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். டயர்களும் பாதிக் காற்றோடு பம்மிக் கிடந்ததால், அந்தக் காருக்கு அடியில் பூனை போகலாம். மனுஷன் நெஞ்சு போகாது.

மெக்கானிக் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருந்தார். நாலு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். மெலிந்த ஆள், பேச்சும் மெலிவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறி வந்து வேலை பார்த்துத் தருவதாக ஒத்துக்கொண்டார்.

"பட்டறை ஜாக்கிய பஸ்ஸுல தூக்கிட்டு வர முடியாதுங்க சார். காரு வச்சிருக்கவரு ஜாக்கி வச்சிருக்கணும். திருகு ஜாக்கியாப் பாத்து வாங்குங்க."

"எண்ணெய் ஜாக்கி லேசா தூக்கும்கிறாங்களே?"

"லேசாத்தான் தூக்கும்" என்றார்.

பழைய இரும்புக் கடையில் இரண்டும் இருந்தன. திருகு ஜாக்கி கிணற்று ராட்டினத்தின் தாத்தா மாதிரி இருந்தது. கடைக்காரர் கம்பியை மாட்டிச் சுற்றச் சொன்னார். இருபது சுற்றில் எனக்கு மூச்சு ஏறியது, ஜாக்கி ஏறவில்லை. எண்ணெய் ஜாக்கியோ பட்டாளத்தில் கழித்துக் கட்டியது. குள்ளமாக, வயிறு பருத்து, எங்கள் தலைமையாசிரியர் சாயலில் இருந்தது. பார்த்ததும் ஒரு மரியாதை வந்துவிட்டது. விரலை மடக்கி வயிற்றில் தட்டினேன். 'ணங்' என்றது. காதோரம் தூக்கி ஆட்டினேன்.

கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "என்னங்க சார், தண்ணி இருக்கா?"

"இல்லையே."

"முத்தலு. தொவையலுக்கு ஆகும், எடுத்துட்டுப் போங்க."

"இதால எவ்வளவு சுலபமா தூக்கலாம்?"

"ஒரு கையால தூக்கலாம். எறக்குறதுக்கு அந்த ஒரு கையும் வேண்டாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல வியாபாரிகள் உண்மையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். "உள்ள காஞ்சு கெடக்கு. எண்ணெய் ஊத்திக்கங்க" என்றார். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றால் இலுப்பெண்ணெய்தான். மாட்டுப் புண்ணுக்கு அது, மாமனார் முழங்காலுக்கு அது, சாமி விளக்குக்கும் அதுவேதான். மூன்றையும் காப்பாற்றுகிற எண்ணெய் ஒரு ஜாக்கியைக் காப்பாற்றாதா? மார்கழிக் குளிரில் டின்னுக்குள் நெய்யாக உறைந்திருந்ததை அடுப்பில் உருக்கி, வயிறு நிறைய ஊற்றினேன். சாயங்காலம் காரின் முன் ஆக்சிலுக்குக் கீழே வைத்துப் பிடியை அழுத்தினேன். அத்தனை பெரிய கார், கும்பிடு போட்டு எழுந்திருக்கிற பக்தனைப் போல முகத்தைத் தூக்கியது. மனைவியைக் கூப்பிட்டு ஒரே கையால் இன்னொரு முறையும் செய்து காட்டினேன்.

"அப்ப அந்தக் கையால ஒரு கொடம் தண்ணி எறைச்சுத் தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கல் போல நின்றிருந்தது. உதைத்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு வந்தேன். அரையாண்டு விடுமுறை, வேலை ஒன்றும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பெருமைப்படப் போனேன். போட்ட கொக்கி போட்டபடி இருந்தது. உள்ளே கார் தரையில் நின்றது.

"கொட்டகைக்குப் போனியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

சாயங்காலம் மறுபடி தூக்கினேன். இரவெல்லாம் நின்றது, காலையில் நின்றது. மத்தியானம் தரையில் நின்றது. யாரும் தொட்ட தடம் இல்லை. எலிக்கு அந்த அளவு கனம் கிடையாது. கனமுள்ள மனிதர்களுக்கு எங்கள் கொட்டகையில் காரியம் கிடையாது.

மறுபடி தூக்கி வைத்து, மூன்றாம் நாள் உள்ளேயே உட்கார்ந்து காவல் காப்பது என்று முடிவு செய்தேன். ஓட்டின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. வெளியே காக்காய்ச் சத்தம் கூட அடங்கிப்போனது. பேய் இரவில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் உச்சி வேளையைப் பார்த்ததில்லை. தெருவில் நிழல் இருக்காது, ஆள் இருக்காது. நாய் கூட உறங்காமல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்.

காருக்கு அடியில் இருந்த இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழ உயரம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முழம் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டேன். சத்தமே இல்லை, கார் இறங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை, சாயவில்லை, பெரிய மனிதர் நாற்காலியில் அமர்வதுபோல அவசரமில்லாமல் அமர்ந்தது. முன் சீட்டின் ஸ்பிரிங் 'கிறீச்' என்று ஒரு முறை முனகியது. முன் சக்கரம் தரையைத் தொட்டதும், யாரும் இல்லாத இடத்தில் ஸ்டியரிங் மெதுவாக ஒரு கால் வட்டம் திரும்பியது. தன் வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிற மாதிரி. அந்த அடைத்த கொட்டகைக்குள் இலேசாகக் கோயில் விளக்கு வாசனை வந்தது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று உலகத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். எனக்குத் தோன்றவில்லை. பயந்தவன் மூக்குக்கு மூளையோடு சம்பந்தம் கிடையாது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

மனைவி நெற்றியில் விபூதியைப் பூசினாள். "உச்சி வேளையில அங்கிட்டுப் போய் உக்காரச் சொன்னது யாரு? பூட்டிக் கெடந்த வீட்டு வண்டி. பழகினது எது வந்து உக்காந்திருக்கோ."

"உக்காந்தா உக்காரட்டும். லைசென்ஸ் வச்சிருந்தா சரி" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் விபூதிக்கு நெற்றியை நீட்டினேன்.

"வெளையாடாதீங்க. ஞாயித்துக்கெழமை அந்த மனுஷன் வந்து அடியில படுப்பாரே, அவருட்ட சொல்லிருங்க."

சொல்வதாகத் தலையாட்டினேன். இங்கேதான் நான் மடையன் என்பதைத் தாண்டிப் போனேன். சொன்னால் அவர் படுக்க மாட்டார். அவர் படுக்கவில்லை என்றால் பிரேக் இல்லை. பிரேக் இல்லை என்றால் கொடும்பாளூரில் மாமனாருக்கு முன்னால் பஸ்ஸில் போய் இறங்க வேண்டும். அரைமணி நேர வேலைதானே, காலையில் முடித்துவிட்டால் உச்சி வேளை வருவதற்குள் எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பேய்க்கு ஒரு நேரம் குறித்து, அதற்குள் இன்னொருவர் நெஞ்சை வைத்து எடுத்துவிடலாம் என்று போட்ட கணக்கு அது. சனிக்கிழமை சாயங்காலமே காரைத் தூக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன ஒன்பது மணிக்கு வரவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், பூசை நீண்டுவிட்டதாம். பதினொன்றரைக்கு வந்தார். வந்தவர் குனிந்து ஜாக்கியைப் பார்த்தார்.

"திருகு ஜாக்கின்னுல்ல சொன்னேன்?"

"இது கல்லு மாதிரி நிக்கும்."

"முட்டுக்குக் கட்டை ஏதும் வச்சிருக்கீங்களா சார்?"

"நேத்துச் சாயங்காலத்துலேருந்து நிக்குது, பாருங்க." அது பொய் இல்லை. அதைவிட மோசமானது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாத்தியார் முகம் அது. நம்பிப் பழகிய முகம். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். சட்டையைக் கழற்றி மட்கார்டில் போட்டுவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அடியில் நுழைந்தார். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. சாவி கேட்டார், கொடுத்தேன். துணி கேட்டார், கொடுத்தேன். ஓட்டை வழியே விழுந்த வெயில் காசுகள் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தன.

சாவி திருகுகிற சத்தம் நின்றது.

"சார்" என்றது காருக்கு அடியிலிருந்து குரல். "கார்ல ஏறாதீங்க. வேலை நடக்குதுல்ல."

"யாரும் ஏறலையே."

"முன் சீட்டுல ஒக்காந்திருக்கது யாரு?"

"நான் இங்கிட்டு, ஒங்க கால்மாட்டுல நிக்கிறேன்."

"வீட்டம்மாவா?"

"அவ அடுப்படியில இருக்கா."

வெளியே நீட்டியிருந்த அவர் கால் விரல்கள் பத்தும் மெதுவாக விரிந்தன. பிறகு அந்தக் குரல் வந்தது. எந்த அவசரமும் இல்லாத, மூச்சுக்கு இடம் இல்லாத குரல்.

"சார். நெஞ்சத் தொடுது."

அவர் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தேன். எனக்கு அத்தனை பலம் உண்டென்று எனக்கே தெரியாது. இருபது சுற்று ஜாக்கி சுற்றத் திணறியவன் நான். நெஞ்சுத் தோல் உரிய, தாடையில் கிரீஸ் இழுபட அவர் வெளியே வந்தார். தலை வெளியே வந்த பிறகும் கார் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஸ்டியரிங் தன் கால் வட்டம் திரும்பியது. கொட்டகை முழுக்க விளக்கு வாசனை.

நான் தரையில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவசரத்தில் அவருடைய மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தவழ்ந்து போய் ஜாக்கியின் கழுத்தில் வழிந்திருந்ததை விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"இலுப்பெண்ணெயா ஊத்துனீங்க?"

"ஆமா."

குளிரில் அது உறைந்து பூட்டு மாதிரி நிற்கும், வெயில் ஏறினால் உருகித் தண்ணீராக வாஷர் வழியே கசிந்து இறங்கிவிடும் என்று சொன்னார். சக்கரம் தரையைத் தொட்டுக் கோணினால் ஸ்டியரிங் திரும்பத்தான் செய்யும் என்றார். சீட்டு ஸ்பிரிங்குக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் என்னைத் துரத்தியது என் வீட்டு எண்ணெய் டின்தானா! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு மின்னாடியும் இப்பிடி எறங்குச்சா?"

சிரிப்பு பாதியில் நின்றது. "மூணு நாளா" என்றேன். "என்னமோ ஏதோ வந்து உக்காருதுன்னு நெனைச்சேன்."

அவர் மட்கார்டிலிருந்து சட்டையை எடுத்தார். நெஞ்சில் படாமல் ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். அதற்கு நிறைய நேரம் ஆனது. கதவடியில் நின்ற என் மனைவி மோர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, "வாரேம்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு பஸ்ஸில்தான் போனோம். மாமனார் வாசலில் நின்று எங்களுக்குப் பின்னால் ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தை முடிவதற்குள் திருகு ஜாக்கியை வாங்கினேன். இந்தத் தடவை தட்டிப் பார்க்கவில்லை. மூச்சு முட்ட முட்டச் சுற்றிப் பழகினேன். தச்சரிடம் புளிய மரத்தில் நாலு முட்டுக் கட்டைகள் செய்துகொண்டேன். அவை காருக்கு அடியில் ஒரு வாரம் நின்றன, இரவும் பகலும். தினமும் உச்சி வேளையில் போய் முழக்கோல் வைத்து அளந்தேன். ஒரு நூல் இறங்கவில்லை. சீட்டும் முனகவில்லை.

பிறகு பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அதற்குக் கீழே ஆறு கட்டைகள் இருந்தன. குனிந்து, கால்களைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திருகு ஜாக்கி, புளியங்கட்டை, ஒரு வாரம் அளந்தது, இலுப்பெண்ணெயை மாட்டுக்கே கொடுத்துவிட்டது. அவர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இனிமே அங்க பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. பயப்படாம ஞாயித்துக்கெழமை வரலாம்" என்றேன்.

லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது:

"நான் பயப்படுறது பேய்க்கு இல்லீங்க சார்."