முப்பது விநாடி சைக்கிள்

கால்பந்து கிளப்பில் அவருக்குச் 'சவுண்டு சார்' என்று பெயர். கத்துவதற்குச் சம்பளம் வாங்கும் மனிதர் அங்கே அவர் ஒருவர்தான். நகராத சைக்கிளில் ஆட்டக்காரனின் எடைக்குத் தக்க பாரம் ஏற்றி, பாதங்களை வாரால் கட்டி, முப்பது விநாடி வெறிகொண்டு மிதிக்க வைப்பார். காலில் எவ்வளவு வேகச் சக்தி மிச்சம் என்று திரையில் தெரிந்துவிடும். "மிதி! விடாதே! இன்னும் பத்து!" என்று அவர் போடும் சத்தத்துக்குச் சுவரே மிதிக்கும் என்பார்கள். இறங்குகிறவன் வாந்தியெடுக்க வாளியைத் தேடுவான்; உதடு வெளுத்திருக்கும். எல்லாம் சகஜம். ஐந்து நிமிடத்தில் நிறம் திரும்பிவிடும்.

அதே கிளப்பில் ஆடும் அவருடைய தங்கை கணவனுக்குத் திரும்பவில்லை. முப்பத்தொரு வயது, ஒப்பந்தம் முடியும் நேரம். கால் மணி ஆகியும் உதடு சாம்பலாகவே கிடந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டதையும் அவர் பார்த்துவிட்டார்.

"மாப்ள, முதல்ல டாக்டரைப் பாருங்க."

"காலைல சாப்பிடல மச்சான், அவ்வளவுதான். நம்பர் நல்லாத்தானே வந்திருக்கு?"

நம்பர் நல்லாத்தான் வந்திருந்தது. காலில் குறையில்லை என்றால் கோளாறு நெஞ்சில்தான் இருக்க வேண்டும். 'இதயப் பரிசோதனை முடியும்வரை ஆடவிட வேண்டாம்' என்று அறிக்கையின் அடியில் எழுதினார். கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

"ஒரே வரியில என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று போனவன் அதன்பின் வீட்டுப் படி ஏறவில்லை. தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டாள். டாக்டரிடம் போனானா என்று கேட்கக்கூட வழியில்லை. நல்லது செய்யப்போய்க் குடும்பத்தைக் கெடுத்தோமோ என்று அவர் மருகிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தங்கை போன் செய்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அண்ணா, எந்திரிச்சதும் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துட்டாரு. சொல்லச் சொல்லக் கேக்காம வேற கிளப்புக்கு டெஸ்டுக்குப் போயிட்டாரு. பத்து மணிக்காம். அங்க டெஸ்ட் எடுக்கறவர உனக்குத் தெரியும்ல? நிறுத்தச் சொல்லுண்ணா!"

மணி பத்தைத் தொட்டிருந்தது. அந்த மனிதரின் போன் அணைந்திருந்தது. சோதனை அறைக்குள் போகுமுன் இவரும் அப்படித்தான் அணைப்பார். அந்தக் கிளப் அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"டெஸ்ட் ஆரம்பிச்சாச்சு சார். இப்போ கதவைத் தட்டக் கூடாது," என்றாள் ஒரு பெண்.

"தட்டும்மா! உடைச்சாவது திற!"

அவள் தயங்கினாள். அவளுக்குப் பின்னால், மூடிய கதவுக்குள்ளிருந்து யாரோ கத்துவது கேட்டது.

"மிதி! விடாதே! இன்னும் பத்து!"

"நிறுத்து!" என்று சவுண்டு சார் தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பெண் பயந்துபோய்ப் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.