ஆமெனுக்குப் பிறகு ஒரு வரி

என் மகள் ரோஷினி பள்ளியில் ஐரோப்பிய வரலாறு படிக்கிறாள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் முப்பது வருடம் அடித்துக்கொண்ட கதையைப் பக்கத்து வீட்டு திரேசா அக்காவிடம் போய் ஒப்பித்தாள். “தர்ட்டி இயர்ஸ், ஆன்ட்டி!”

“அவ்வளவுதானோ? எங்கட வீட்டில முப்பத்தொண்டு” என்றார் அக்கா, இடியப்பம் பிழிந்துகொண்டே.

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த யுத்தம் அது. அக்கா யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க் கத்தோலிக்கர். மருந்துக் கம்பெனி லேபில் வேலை. கணவர் ஜெபரத்தினம் புராட்டஸ்டன்ட். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே காரில் கிளம்பி இரண்டு சர்ச்சுக்குப் போவார்கள்.

சாயங்காலம் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து ‘எங்கள் பிதாவே’ சொல்வார்கள். “தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும், ஆமென்” என்று அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். கத்தோலிக்கருக்கு ஜெபம் அங்கே முடிகிறது. ஜெபரத்தினத்துக்கு இன்னும் ஒரு வரி உண்டு. அதை மனிதர் வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வார். அக்கா பதிலுக்குக் குழாயைத் திறந்துவிடுவார். இதெல்லாம் ஒரே சாமிக்கு! எனக்குச் சிரிப்பாக வரும்.

பிப்ரவரியில் ஜெபரத்தினத்துக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை, கால் தேறிவிட்டது, பேச்சு வரவில்லை. தெரபிஸ்ட் பூனைப் படம், கப் படம் எல்லாம் காட்டிப் பார்த்தாள். ஏழு வாரம் ஒரு சொல் இல்லை.

ஒருநாள் அக்கா என் வாசலில் நின்றார். “சாரதா, நீர் ஈரோட்டில சி.எஸ்.ஐ. பள்ளிக்கூடத்திலதானே படிச்சனீர்? அந்தக் கடைசி வரியை எனக்குச் சொல்லித்தாரும்.”

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் பத்து வருடம் அந்தப் புராட்டஸ்டன்ட் பள்ளியின் காலை அசெம்பிளியில் சொன்னது மறக்குமா?

“பைபிள்லயே இருக்குமேங்க்கா?”

“இருக்கு. வாசிச்சா வாசிக்கிற மாதிரித்தான் வரும். பாடமாச் சொல்லவேணும், அவர் சொல்லுற மாதிரி. நான் ஆமென் சொன்னபிறகும் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறார். அவற்ற செபம் இன்னும் முடியேல்லை, சாரதா.”

சொல்லிவிட்டு அழுதார். எதற்கும் கேலி வைத்திருக்கும் நானும் அழுதேன். பிறகு வரியைச் சொல்லிக்கொடுத்தேன்: “ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே.”

அன்று சாயங்காலம் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார், தப்பு வந்தால் எடுத்துக்கொடுக்க. வழக்கமான இடம் வந்தது. அக்கா எழவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

“ராஜ்யமும், மகிமையும்…”

நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபரத்தினத்தின் புருவம் சுருங்கியது. உதடு இரண்டு தரம் ஒட்டிப் பிரிந்தது.

“வ… வல்லமையும்.”

அக்கா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

“கண்டீரா சாரதா, வந்திட்டார் சண்டைக்கு!”