சாமிக்கு வைத்த இலை

சில வருஷங்களுக்கு முன், பங்குனி மாதக் கடைசி. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிழக்கே மலையில் புகை தெரிந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம் வந்தால் மலையில் எங்காவது ஓரிடத்தில் புல் எரியும். இருட்டியதும் அது கோடு போட்டாற்போல் தெரியும். மாடியில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். வருஷா வருஷம் நடப்பதுதான். வடகத்தைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்று காலை எனக்கு இருந்த ஒரே கவலை.

மத்தியானத்துக்குள் காற்று திரும்பிவிட்டது. வடகத்தின் மேல் கறுப்பாக ஏதோ வந்து விழுந்தது. தொட்டால் பொடிந்தது. சாம்பல். தறிப்பட்டறைக்குள்ளும் புகுந்து, பாவில் இருந்த வெள்ளை நூலில் புள்ளி புள்ளியாக உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். பக்கத்துப் பட்டறையிலும் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க நின்றுவிட்டது. எங்கள் ஊரில் தறிச் சத்தம் இல்லையென்றால் கரண்ட் இல்லை, அல்லது யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கரண்ட் இருந்தது. எல்லோரும் வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடிந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே இருப்பதால் எங்களுக்கு யார் பேசினாலும் பாதிதான் காதில் விழும். மீதியை உதட்டைப் பார்த்து நாங்களே போட்டுக்கொள்வோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போனால் ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். 'உப்பு வாங்கிட்டு வாங்க' என்றால் பருப்போடு வந்து நிற்கிற மனுஷனைத்தான் நான் கட்டியிருக்கிறேன். இந்தப் பழக்கம் அன்றைக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு மணி வாக்கில் மலையிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஜீப், டெம்போ, டிராக்டர் எது கிடைத்ததோ அதில். ஒரு பகுதி ஆட்களை மலைக்கு அந்தப் பக்கம் ராசிபுரம் வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும், மற்றவர்களை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கும் அனுப்பினார்கள். மண்டபத்தில் மறுநாள் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. வாழைமரம்கூடக் கட்டியாகிவிட்டது. பெண்ணின் அப்பா வந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார். அப்புறம் சமையல்காரரிடம், நாளைக்கென்று வாங்கி வைத்த அரிசி பருப்பையெல்லாம் இப்போதே உலையில் போடச் சொல்லிவிட்டு, தானே பாய் விரிக்க ஆரம்பித்தார். நல்ல காரியம் தள்ளிப்போகிறதே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

வண்டிகளிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் சிவப்பு. ஓடும்போது கையில் அகப்பட்டதை எடுத்து வந்திருந்தார்கள். ஒருத்தர் இடுப்பில் கேழ்வரகு விதை மூட்டை. ஒரு பெண்ணின் கையில் டி.வி. ரிமோட் மட்டும் இருந்தது. அதை எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கீழே வைக்கவும் இல்லை. எங்கள் தெருக்காரர்கள் பட்டறைகளில் மடித்து அடுக்கியிருந்த வேட்டி, துண்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து குவித்தார்கள். அதைக் கொடுப்பதும் சாப்பாடு பரிமாறுவதும் எனக்கும் என் நாத்தனாருக்கும் வந்த வேலை.

மேடைப் படி ஓரமாக ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட யாரும் இல்லை. துண்டைக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. மண்டபத்தில் ஒரே இரைச்சல். பிள்ளைகள் அழுகிறார்கள், வாசலில் வண்டிகள் உறுமுகின்றன. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சாமி மேலயே நின்னுருக்குமுங்க" என்றார்.

மலையில் அவர்கள் கும்பிடும் சாமியை விட்டுவிட்டு வந்த வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் பூசாரி வீட்டு அம்மாவாக இருக்கும் என்றும் நானே முடிவு செய்துகொண்டேன். தான் கூப்பிட்டால்தான் அது வரும், வேறு யார் கூப்பிட்டாலும் வராது என்றார். அருள் வர அழைப்பார்களே, அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாமிக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, ஆள் போயிருக்கிறார்களா என்று கேட்டார். தீயணைப்பு வண்டியும் வனத்துறை ஆட்களும் மேலே போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். போயிருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அவருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு.

கொஞ்ச நேரம் கழித்து அவரே என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"சாமிக்கு ஒரு எலை சோறு எடுத்து வையுங்க. அதுக்குப் பசி தாங்காதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடும் காடும் எரியும்போதும் சாமிக்கு நைவேத்தியம் நினைக்கிற மனசைப் பாரேன் என்று நாத்தனாரிடம் சொன்னேன். இருவருமாக மேடைச் சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குக் கீழே தரையைத் துடைத்து, தலைவாழை இலை போட்டுச் சோறும் பருப்பும் வைத்தோம். ஒரு செம்பில் தண்ணீர். நாத்தனார் ஒரு விளக்கைத் தேடி எடுத்து, இருந்த கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, ஒற்றைத் திரி போட்டு ஏற்றினாள். "பாருங்கம்மா, வெச்சாச்சுங்க" என்று திரும்பினேன்.

அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார். இலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே படியில் மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

இறந்தவர்களுக்குத்தான் சோறு போட்ட இலைக்கு முன்னால் ஒற்றை விளக்கு ஏற்றுவோம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சாமி எப்படிச் சாகும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் என் பேத்தியை நான் எப்படிக் கூப்பிடுகிறேன்? சாமி தூங்குது, சாமி சாப்பிட்டுச்சு என்றுதானே நாள் முழுக்கச் சொல்கிறேன்?

"எந்தச் சாமிங்க?" என்று கேட்டேன்.

"எம் பையனுங்க."

ஒரே பையன். இருபது வயதைத் தாண்டியவன். மனசு மட்டும் குழந்தையாகவே நின்றுவிட்டதாம். பிறந்ததிலிருந்து அவனுக்குச் சாமி என்றுதான் பெயர், மலையில் எல்லோருக்கும் அவன் சாமிதான். ஹாரன் சத்தம் கேட்டால் பயந்து எங்காவது போய் ஒளிந்துகொள்வானாம். அன்று காலை இந்த அம்மா பக்கத்துக் குக்கிராமத்துக்குக் களை எடுக்கப் போயிருந்தார். தீ வழியை மறித்துவிட்டது. மேலே போகிறேன் என்று கத்தியவரை அங்கிருந்தவர்கள் இழுத்து ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். உன் ஊர்க்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு நம்பிக்கை இல்லை. மண்டபத்தில் நான் ஆள் போயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான், தன் பிள்ளையைத் தேடித்தான் போயிருக்கிறார்கள் என்று நம்பி, வந்ததும் பசிக்குமே என்று ஓர் இலை கேட்டிருக்கிறார். அந்த இலைக்குத்தான் நான் விளக்கு ஏற்றி வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், மலையேற்று என்போம். அன்று அந்த வார்த்தையை என்னால் வாயில் எடுக்க முடியவில்லை. எரிகிற திரியை விரலாலேயே அமுக்கினேன். சுட்டது. அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் வாசலில் இருந்த அதிகாரிகளிடம் ஓடினார். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்கள். அங்கே அந்த அம்மாவின் ஊர்க்காரர்கள் இருந்தார்கள், பையன் இல்லை. அவன் அம்மாவோடு போயிருப்பான் என்று அவர்கள் நினைத்திருந்தார்களாம். ஆக, ஒவ்வொருவரும் மீதியை அவரவரே போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மா வந்திறங்கி இரண்டு மணி நேரம் இப்படியே போயிருந்தது. இருட்டிவிட்டதால் அந்த வழியில் ஏற முடியாது என்றார்கள். விடிவதற்குள் வனத்துறை ஆட்களும், அந்த ஊர்க்காரர்கள் சிலரும், வண்டியோடு என் கொழுந்தனாரும் கிளம்பினார்கள். போகும்போது பட்டறையிலிருந்து ஒரு கட்டு வேட்டியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார் கொழுந்தனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மா படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பிள்ளையார் படத்துக்குக் கீழே இருந்த இலையை எடுத்துவிடவா என்று ஒரு முறை கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். சோறு காய்ந்துகொண்டிருந்தது.

வெயில் ஏறிய பிறகு என் போன் அடித்தது. கொழுந்தனார். காற்று இரைச்சலுக்கு நடுவே "சாமி இருக்குதுங்க அண்ணி" என்பது மட்டும் கேட்டு, லைன் அறுந்துவிட்டது. அந்த அம்மா என் வாயையே பார்க்கிறார். நேற்றைய நானாக இருந்தால் அப்போதே கட்டிப்பிடித்துச் சொல்லியிருப்பேன். எழுந்து வாசலுக்குப் போனேன். திரும்பத் திரும்பப் போட்டேன். கிடைத்ததும் கேட்டேன்.

"எந்தச் சாமி தம்பி? உசுரோட இருக்குதா? நல்லா வெளங்குற மாதிரி சொல்லுங்க."

"பையனுங்க அண்ணி. கேழ்வரகு அடிக்கிற களத்துல உக்காந்திருந்துச்சு. ரெண்டு காலும் வெந்துருச்சு. உசுரு இருக்குது, பேசுது. அம்மா எங்கங்குது."

அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே போய்ச் சொன்னேன். கால் வெந்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, முதல் முறையாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பாறை மேல் இருந்த களம் அது. கூட்டிப் பெருக்கி வைத்த வெறும் இடம் என்பதால் தீ சுற்றி வந்து, உள்ளே ஏறாமல் போயிருக்கிறது. அவன் மாட்டை அவிழ்த்துவிடத் தொழுவத்துக்குப் போனபோதுதான் கால் வெந்திருக்கிறது. மாடு என்ன ஆனதென்று தெரியவில்லை, கயிறு மட்டும் அவன் கையில் இருந்தது. எங்கள் பட்டறை வேட்டிகளை முறுக்கி, ஒரு கம்பில் டோலி கட்டி, மாற்றி மாற்றித் தோளில் தூக்கி வண்டி வரை இறக்கி, மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாம்பல் பட்டுக் கறுத்துப் போயிருந்த அந்த வெள்ளைத் துணிக்குள் அவன் சுருண்டு படுத்திருந்தான். நல்ல உயரமான பிள்ளை. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை, சிரித்தான். அதைப் பார்த்துவிட்டு நாங்கள்தான் அழுதோம்.

மண்டப வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதற்குள் அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து, ஒரு வாய் சோறு வேண்டும் என்றார். புது இலை போட்டுச் சுடச்சுடக் கொண்டுவந்தேன். மூன்று நாலு வாய் ஊட்டினார். அப்புறம் டிரைவரிடம் போய், சத்தம் போடாமல் போக முடியுமா, பிள்ளை பயந்துகொள்ளும் என்று கேட்டார். அவர் சரி என்றார். அந்த வண்டி சேலம் வரைக்கும் சைரன் இல்லாமலேயே போனதாகக் கூடப் போன என் வீட்டுக்காரர் சொன்னார்.

கால் ஆறுவதற்கு வெகு நாள் ஆனது. இப்போதும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். வீடு முழுக்க எரிந்துவிட்டதால் மழை வரும் வரை இருவரும் எங்கள் பட்டறையை ஒட்டிய அறையில் இருந்தார்கள். முதலில் தறிச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டான். அந்தப் பக்கத்துத் தறிகளை என் வீட்டுக்காரர் அவன் தூங்குகிற நேரத்தில் ஓட்டவில்லை. பிறகு மலையில் கூரை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வருவார். அந்த இலையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு முறை நானே எடுத்தேன். நீங்க நல்லது நெனச்சுத்தானுங்க செஞ்சீங்க என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிட்டார். அது உண்மைதான். ஆனால் நல்லது நினைத்ததால் அந்த இரண்டு மணி நேரம் திரும்பி வந்துவிடவில்லை.

இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் தறியை நிறுத்திவிட்டு வந்து, முழுசாகக் கேட்டு, திரும்பவும் ஒரு தடவை கேட்கிறேன். காது மந்தமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். உயிரோடு இருந்த ஒரு பிள்ளைக்கு, அதன் அம்மா கண்ணெதிரே விளக்கு ஏற்றிய கை இது.