பெண் விசாரிக்க வந்தவர்கள்

பெண் விசாரிக்க வருகிறவர்களை எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கணவனும் மனைவியுமாக வருவார்கள். ஃபீஸ் கட்ட வருகிறவர்கள் நேராகக் கவுன்ட்டருக்கு வந்து கையை நீட்டுவார்கள். இவர்கள் அப்படி இல்லை. வராந்தாவிலேயே நின்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பதையெல்லாம் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் மெதுவாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அந்த அம்மாள் விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருப்பாள். கையில் ஒரு பையில் பழம் இருக்கும். "மேடம், ஒரு சின்ன விஷயம்" என்று கணவர் ஆரம்பிப்பதற்குள் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவேன்.

செஞ்சியில் உள்ள பல்கலைக்கழக மையத்தில் மாணவர் பதிவேடுகள் என் பொறுப்பு. விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண், வருகைப் பதிவு என்று ஒரு பிள்ளையைப் பற்றி அதைப் பெற்றவர்களுக்குத் தெரியாததுகூட என் இரும்பு பீரோவில் இருக்கும். சாவி என் கைப்பையில். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் ஒருமுறை உள்ளே புகுந்து விண்ணப்பக் கட்டைக் குதறிவிட்டுப் போனதால், ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கியவள் நான்தான். கரையானுக்கு மருந்து அடிக்கிறவன் வந்தால் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு ஃபைல்கூடக் காணாமல் போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தால் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன். ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாளா, அரியர் இருக்கிறதா, பிறந்த தேதி என்ன, என்ன சாதி, அப்பன் என்ன வேலை செய்கிறான், எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வேன். நாமாக எதையும் கட்டிச் சொல்லக் கூடாது, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. என் வாயால் பல கல்யாணங்கள் கூடி வந்திருக்கின்றன. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தாம்பூலத் தட்டோடு ஆபீசுக்கே வருவார்கள். பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள். நான் செய்வது புண்ணியம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இடையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றிய எந்த விவரத்தையும் வெளியாருக்குத் தரக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு இருந்தது. படித்தேன், கையெழுத்துப் போட்டேன், ஃபைலில் கோத்தேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு மாற்றினோம். வெளியார் என்றதும் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் வழியாகத் திருடுகிறவன்தான் எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தான். பழப் பையோடு வருகிறவர்களை வெளியார் என்று யார் நினைப்பார்கள்?

அந்தப் பெண் தொண்டூர்க்காரி. எம்.எஸ்சி. படித்தாள். முதல் வருடத்தில் ஒன்றரை மாதம் தொடர்ந்து வராமல் இருந்ததால் வருகை குறைந்துபோய், பரீட்சை எழுத முடியாத நிலை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் அனுமதி வாங்கித் தரலாம் என்று நான்தான் சொல்லியனுப்பினேன். இரண்டு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுச் சொல்லாமல் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் திட்டினேன். "ஒரு வருஷம் போனா பரவால்லியா உனக்கு? சர்ட்டிபிகேட்டு இருக்குதா இல்லையா?"

"இருக்குது மேடம். ஆனா அத யாராவது பாப்பாங்களா?"

"யாரு பாக்கப் போறா? இந்த பீரோவுக்குள்ள போனா அதோட சரி. சாவி என்கிட்டதான் இருக்குது."

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழை நான்காய் மடித்துக் கொண்டுவந்தாள். வலிப்புக்கு வைத்தியம் நடப்பதாக அதில் எழுதியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. பரீட்சைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அவள் நல்ல மார்க் எடுத்தாள். இரண்டாம் வருடம் நாள் தவறாமல் வந்தாள். என்னைக் கடந்து போகும்போதெல்லாம் வணக்கம் சொல்வாள்.

இந்த வருடம், கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவளைப் பற்றி விசாரிக்க ஒரு தம்பதி வந்தார்கள். வல்லம் பக்கம் என்றார்கள். பையன் சென்னைப் பக்கம் கம்பெனியில் வேலை என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல். ஃபைலை எடுத்து மேசையில் விரித்து, தங்கமான பொண்ணு என்று ஆரம்பித்து மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். அந்த ஆள் எதிலும் மனசு வைக்கவில்லை. சாதிச் சான்றிதழைக் கேட்டார், காட்டினேன். பார்த்துவிட்டு மனைவியிடம், "நம்ம ஆளுங்கதான்" என்றார். அந்த அம்மாளின் முகம் விழுந்துபோனது. நான் அதைக் கவனித்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த அம்மாள் கேட்டாள். "லீவு கீவு நிறைய போடுமா மேடம்? ஒடம்பு எல்லாம் நல்லாயிருக்குதா?"

எவ்வளவு பொறுப்பாக விசாரிக்கிறாள் என்று எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நாளைக்குத் தெரிந்து பிரச்சினை ஆவதைவிட இப்போதே தெரிவது நல்லது, அதையும் நம் வாயால் பக்குவமாகச் சொன்னால் நல்லது என்று தோன்றியது. சான்றிதழை எடுத்துப் பிரித்தேன். "மொத வருஷத்துல கொஞ்சம் வலிப்பு வந்துக்கினு இருந்துச்சு. இப்ப மாத்திரையில சுத்தமா நின்னுடுச்சு. பயப்பட ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

கண்ணாடி கொண்டு வரவில்லை, வீட்டில் போய்ப் படித்துக்கொள்கிறேன் என்று அவள் கணவர் செல்போனை எடுத்தார். மடிப்பு விழுந்த தாள் நிமிர்ந்து நிற்கவில்லை. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். நிழல் விழுகிறது என்று எழுந்து போய் ட்யூப்லைட்டையும் போட்டுவிட்டு வந்து மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். மதிய இடைவேளை, ஆபீசில் யாரும் இல்லை. வணக்கம் சொல்லவில்லை.

"மேடம், என் ஃபைல யாருக்காவது காட்டுனீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இனிப்பு எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "வல்லத்துலருந்து வந்தாங்களே, அவங்களுக்குத்தான். என்ன, முடிவாயிடுச்சா?"

அவள் செல்போனை என் மேசையில் வைத்தாள். அந்தச் சான்றிதழின் படம். அவளுடைய பெயர், வயது, வியாதி, டாக்டரின் முத்திரை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். ஸ்டாம்ப் பேடு மை ஒட்டிய நகம். என்னுடையது.

இப்போதும் அந்த விரலைப் பார்த்தால் அந்தப் படம் ஞாபகம் வருகிறது.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். வந்தவர்கள் பெண் பார்க்க வரவில்லை. அவளும் அவர்களுடைய பையனும் நாலு வருடமாகப் பழகுகிறார்கள். ஒரே சாதிதான். ஆனால் அவனுடைய அம்மாவுக்குத் தன் தம்பி மகளைக் கட்டி வைக்க ஆசை. அவன் பிடிவாதமாக நின்று, "அந்தப் பொண்ணுகிட்ட ஒரே ஒரு குறை காட்டுங்க, நான் விட்டுடறேன்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அவர்கள் என்னிடம் வந்தது அந்த ஒரு குறைக்காக. சாதியில் கிடைக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நின்னுடுச்சுன்னும் சொன்னேனேம்மா. மாத்திரையில நல்லாயிடுச்சுன்னு நான் எடுத்துச் சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நீங்க இன்னாத்துக்கு மேடம் சொல்லணும்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டாள்.

"வியாதி இருக்குதுன்னு அவரு கோவிச்சிக்கல மேடம். இந்தப் படத்த எனக்கு அனுப்பி ஒரே ஒரு லைன் எழுதியிருந்தாரு. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயேன்னு. அதுக்கப்புறம் போன எடுக்கல. நானே சொல்றதாத்தான் இருந்தேன். பரீட்சை முடிஞ்சதும் நேர்ல பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு நோட்டுல எழுதி எழுதிப் பாத்துக்கினு இருந்தேன்."

இத்தனை நாள் தேக்கி வைத்து, சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்த விஷயம் அது. நான் அதை வல்லத்திலிருந்து பஸ் பிடித்து வந்த இரண்டு பேரிடம் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கிறேன்.

"அவர் நம்பரைக் குடும்மா. நான் பேசறேன். நான் எடுத்துச் சொன்னா கேப்பாரு."

அவள் ஓரடி பின்னால் போனாள். "வேணாம் மேடம். நீங்க யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம். அது போதும். எங்க தெருவுல இன்னும் யாருக்கும் தெரியாது. நைனா எங்க பெரியப்பா வூட்டுக்குக்கூடச் சொல்லல. எனக்கு அடுத்து ஒரு தங்கச்சி இருக்குது. என்னோடது போச்சு, போவட்டும். ஊருக்குத் தெரிஞ்சா அதுக்கும் யாரும் வர மாட்டாங்க." செல்போனை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு, "வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அவள் விஷயத்தில் மட்டும்தான் அது உண்மை. மற்ற பிள்ளைகளுடையது எத்தனை பேரிடம் எத்தனை முறை போயிருக்கிறது என்று யோசித்தேன். அரியர் வைத்திருந்தவள், அப்பா விட்டுவிட்டுப் போனவள், வயதை ஒரு வருடம் குறைத்துச் சொல்லியிருந்தவள். "யோசிச்சு சொல்றோம் மேடம்" என்று எழுந்து போய்த் திரும்பி வராதவர்களை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. பத்திரிகையோடு வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் எழுந்து பீரோவைத் திறந்து, அந்தச் சான்றிதழை எடுத்து ஒரு உறையில் போட்டு, பசை ஒட்டி, மேலே அவள் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். "இனிமே என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது. என்ன நம்பு" என்றேன். அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் உட்கார்ந்தேன். எதிரில் இருக்கும் காலி நாற்காலியைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பதினைந்து வருடமாகத் தெரிந்தவள். எனக்கு உடம்புக்கு முடியாமல் இருந்தபோது வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

"இன்னா மேடம், அந்தப் பொண்ணு அழுதுனு போவுது? உங்க மூஞ்சியும் நல்லால்ல."

அவள் அப்படி அன்பாகக் கேட்டதும் எனக்கும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. "பாவம்க்கா. தொண்டூர் பொண்ணு. வலிப்பு இருக்குது அதுக்கு, அதனால கல்யாணம் நின்னு..."

என் குரலை என் காதே கேட்டது. பாதியில் நிறுத்தினேன்.

அவள் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "ஐயோ பாவம். தொண்டூரா? எங்க நாத்தனார அங்கதான் குடுத்திருக்குது. யாரு வூட்டுப் பொண்ணு மேடம்?"

அப்பன் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் உள்ளங்கையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டேன்.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா மேடம், பல்லு வலிக்குதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.