தெருவில் முதல் தென்னம்பிள்ளை

போன வாரம் ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய் போடுவதை விட்டுவிட்டு, இப்போது ஆளுக்கொரு மரக்கன்று கொடுக்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய மாடி வீட்டில் இருக்கிறேன், இதை எங்கே வைப்பது? பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஈர மண் வாசனையில் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தெரு வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது. மழையில் வரப்பு முங்கிவிட்டால் வரவும் முடியாது, போகவும் முடியாது. அங்கே மரமே கிடையாது. சுரை, பூசணி, மிளகாய் போடுவார்கள். சில மாதங்களில் காய்த்து ஓய்ந்துவிடும். குடிசை நின்ற இடம் பண்ணையாருடையது. மரம் வைத்தால், இங்கேயே இருக்கப்போகிறோம் என்று அர்த்தம். அதை அவர் பொறுக்கமாட்டார். கூலியைக் கூட்டிக் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: "குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போ."

ஊரூராகக் கொடி பிடித்துக் கூலி கேட்ட காலம் அது. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருப்பதாகப் பேச்சு வந்தது. ஆண்கள் நம்பவில்லை. அம்மா எங்கிருந்தோ ஒரு தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்து வாசலோரம் நட்டுவிட்டாள்.

"காய்க்கிற வரைக்கும் நம்மள விட்டு வைப்பாங்களா?" என்றார் அப்பா. பாவம், பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் பயம்தான், ஆனாலும் சாப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் பண்ணையின் காரியக்காரர் வந்தார்.

"யாரக் கேட்டு வச்சே?"

"சட்டம் வந்துருச்சாமேங்க."

அவர் கன்றைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதை எடுத்துவந்து, அதே குழியில் வைத்து மண்ணை மிதித்தாள்.

"திரும்பப் புடுங்குனா திரும்ப வைப்பேங்க."

காரியக்காரர் முறைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் வீட்டுக்கு வீடு தென்னம்பிள்ளை வந்துவிட்டது.

தேங்காய் விற்றா முன்னேறினீர்கள் என்று கேட்காதீர்கள். மனைக்குப் பட்டா வந்தபின் கூலி பேசும்போது அப்பா தலையைச் சொறிவதை நிறுத்தினார். வேலை இல்லை என்று பண்ணையார் சொல்லலாம். வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் என்னைப் பண்ணை மாடு மேய்க்க அனுப்பாமல் ஹாஸ்டலில் சேர்த்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அடித்த புயலில் அத்தனை தென்னையும் சாய்ந்துவிட்டது. பதறிப்போய் ஊருக்கு ஓடினால், அம்மா விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் அழுகை.

"மரந்தானே போச்சு. எடம் இருக்குல்ல?"

இப்போது அம்மாவும் இல்லை. இடம் இருக்கிறது.