மாதா கோயில் தூணில் ஒரு பாதம்

கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் மாதா கோயிலை அளக்க வந்தவர்கள் நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். நீளம், அகலம், கூரை, மணிக்கூண்டு. நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரையே எடுக்கிறார்கள். கோயிலும் அதில் சேர்த்தி. வாசல் தூணில் பதித்திருந்த வெள்ளைப் பீங்கான் சில்லை யாரும் அளக்கவில்லை.

சில்லு கையகலம்தான். அதன் நடுவே ஒரு குழந்தையின் இடது பாதம் பள்ளமாகப் பதிந்திருக்கும். குழந்தை இயேசுவின் பாதம் என்று நினைத்து முத்தமிடுகிறவர்கள் உண்டு. பிள்ளை வரம் கேட்டு பெண்ணாடத்திலிருந்து வந்த ஒருத்தி பூ வைத்துவிட்டுப் போனாள். அருள்மேரி யாரையும் திருத்தியதில்லை. "முத்தந்தான குடுக்கறாங்க, குடுத்துட்டுப் போவட்டும்" என்பாள். அது அவளுடைய மகள் ஜோஸ்பினின் பாதம்.

அருள்மேரிக்கு ஐம்பத்து மூன்று வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவள். பியூஸ் கட்டைகளைக் கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சில் முக்கி எடுத்ததும் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கிளேஸ் சூளையில் உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு ஆயிரம் கட்டை துடைத்த கை அது.

முப்பது ஆண்டுக்கு முன், ஜோஸ்பினுக்கு ஏழு மாதம். பட்டறை வேப்பமரத்தில்தான் தூளி. ஒரு மதியம், கூட வேலை செய்த பானுமதி ஈர மண்ணைத் தட்டி, விளையாட்டாகக் குழந்தையின் காலை அதில் அழுத்தினாள். அதற்குப் பத்தாம் நாள் காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அருள்மேரி வேலைக்குத் திரும்பியபோது சில்லு அலமாரியில் காய்ந்து கிடந்தது. எடுத்துக் கிளேஸில் முக்கினாள். கை தானாகப் பின்பக்கத்தைத் துடைத்தது. வெந்து வந்தபோது பாதம் சிறுத்திருந்தது. மண் காய்ந்தாலும் சுருங்கும், வெந்தாலும் சுருங்கும், அவளுக்குத் தெரியாததல்ல.

குழந்தையைப் போட்டோ எடுத்ததில்லை. கல்லறை மேடு இரண்டு மழையில் கரைந்துவிட்டது. அந்த ஆண்டு கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சில்லைத் தூணில் பதிக்கப் பங்குச் சாமியார் சம்மதித்தார். ஞாயிறுதோறும் உள்ளே நுழையும் முன் அந்தப் பள்ளத்தில் விரல் வைப்பாள். மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இடிக்க நாள் குறித்ததும், அந்தத் தூணைக் கட்டிய கொத்தனார் கோவிந்தராசுவைக் கூட்டிவந்தாள்.

"ஒடையாம எடுத்துக் குடுத்துடுண்ணே."

"முப்பது வருசமா அசையாம இருக்குது பாத்தியா? யாரு வேலை!"

"பெருமைய அப்புறம் பேசு. உளியப் புடி."

சுற்றிலும் மெல்லத் தட்டினார். ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று கிளம்பிக் குதிகால் வரை ஓடியது. உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"பின்னாடி கிளேஸ் இருந்திருந்தா வழவழன்னு இருக்கும், நெம்புனா வந்திருக்கும். இது சொரசொரன்னு இருக்குது மேரி. சிமெண்ட்டு கவ்விக்கிச்சு. எவன் இதத் தொடச்சது?"

அருள்மேரி விரிசல் மேல் விரலை வைத்தாள்.

"தூணோட அறுத்து எடுக்க முடியாதாண்ணே?"

"முகப்பே இது மேலதான் நிக்குது. அறுத்தா நம்ம தலையிலதான் எறங்கும்."

பொக்லைன் ஓட்டுநரிடமும் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். "பாத்து எடுக்கறம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மிஷினுக்கு என்னம்மா தெரியும்" என்றார்.

"போன்ல போட்டோ புடிச்சி வச்சிக்கலாம்" என்றார் கணவர் சார்லஸ்.

"போட்டோவத் தடவுனா கண்ணாடிதாங்க கைக்குத் தெரியும்."

மறுநாள் காலை பட்டறையிலிருந்து பிசைந்த மண் வாங்கிவந்தாள். சில்லில் எண்ணெய் தடவி, மண்ணை அழுத்தி, மெல்ல உரித்தாள். பள்ளம் மேடாகி வந்தது. ஐந்து விரலோடு உள்ளங்கால். சார்லஸ் ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பட்டறையில குடுத்துச் சுட்டுடலாம் மேரி."

"சுட்டா இன்னும் சின்னதாயிடும்."

"அப்ப காய வச்சிடு."

"காஞ்சாலுந்தாங்க. ஏற்கெனவே ஒரு தடவ சிறுத்துப் போச்சு."

கோயிலை இடித்து இன்றோடு எட்டு நாள். தூண் மூன்று துண்டாக விழுந்தது. சில்லு இருந்த துண்டு அடியில் போயிற்று. லாரிகள் மாலைக்குள் எல்லாவற்றையும் அள்ளிவிட்டன.

மண் பாதம் இப்போது வாடகை வீட்டில் ஒரு சம்படத்துக்குள், ஈரத்துணியில் இருக்கிறது. காலை, மதியம், மாலை என்று தண்ணீர் தெளிக்கிறாள். குறைந்தால் சுருங்கும், கூடினால் கரையும். நேற்று சுண்டுவிரல் லேசாக மழுங்கியிருந்தது. இன்று துணியின் ஓரம் காய்ந்திருந்தது. அருள்மேரி உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு, தெளிப்பதா வேண்டாமா என்று நின்றாள். தண்ணீர் விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.