திங்கட்கிழமை மட்டும் நின்றுபோன வண்டி

கார் ரிப்பேர் தொழிலில் வண்டியைச் சரிசெய்வது சுலபம். எதனால் சரியானது என்று சொல்வதுதான் கஷ்டம். செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் ஷெட் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியும் எனக்கு இதே நிலைமைதான். டர்போ வண்டி வாங்கி, அதில் இன்னும் எதையாவது மாட்டிப் பார்த்துத் தவிக்கும் அன்பர்களே, என் தவிப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

குழாய்க்குள் ஒரு கம்பி

லோத்குண்டாவில் குடியிருக்கும் ஜெபராஜுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. நாசரேத் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அவர் காருக்கு, எஞ்சினுக்குள் காற்றை இழுத்துத் திணிக்கும் பெரிய டர்போவும், கழுவிக் கழுவி உபயோகிக்கும் சிவப்புத் துணி ஃபில்டரும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் பறந்த வண்டி, பிறகு சிக்னலில் நின்றால் அணைய ஆரம்பித்தது. உப்பல் சிக்னலில், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி ஷீலா உள்ளே இருக்கும்போதே நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, அந்த அம்மா இறங்கி வெயிலில் நடந்து ஓரத்துக்குப் போயிருக்கிறார்.

கோளாறு ஏர் ஃப்ளோ சென்சாரில். ஃபில்டரைத் தாண்டிக் குழாய்க்குள் இருக்கும் மெல்லிய கம்பி அது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அது சொல்லும், அதற்குத் தக்கபடி பெட்ரோல் இறங்கும். அது பொய் சொன்னால், அரிசி எவ்வளவு என்று தெரியாமல் உலை வைத்த கதைதான். கம்பியில் ஏதோ பிசுபிசுப்பு. ஊர்த் தூசி என்று நினைத்து ஸ்ப்ரே அடித்துக் கழுவினேன். வண்டி ஜம்மென்று ஓடியது. ஜெபராஜ் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "இன்னொரு தடவை நின்னா வண்டியை வித்துரணும்னு ஷீலா சொல்லிட்டாண்ணே. அவ சொன்னா சொன்னதுதான்."

ஞாயிறு லீவு

அடுத்த திங்கட்கிழமை வந்து நின்றார். ஆபீஸ் போகும் வழியில் வண்டி அணைந்திருக்கிறது. தனியாகப் போனதால் வீட்டுக்குத் தெரியாது. கழுவினேன், ஓடியது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. புது சென்சாரே போட்டேன். சனிக்கிழமை வரை சமத்தாக இருந்துவிட்டு, திங்கட்கிழமை மறுபடி மக்கர். ஞாயிறு லீவு எடுத்துவிட்டுத் திங்கள் வேலைக்கு வர மறுக்கும் சென்சாரை நான் கண்டதே இல்லை.

பெட்ரோலைச் சந்தேகித்தேன், அவர் பெட்ரோல் போடுவது வியாழக்கிழமை. குழாய் கசிகிறதோ என்று சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஃபில்டரோ புதிதுபோல மின்னியது. இப்படி ஒரு வாடிக்கையாளரா என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். சர்ச்சுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவதோடு சரியாம். "வண்டியை நான் ஒண்ணும் பண்ணலைண்ணே. பத்திரமாத்தான் பாத்துக்கிடுதேன்."

கௌஸ் பாயின் வைத்தியம்

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் கௌஸ் பாய் வந்து சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். எஞ்சின் குத்துமதிப்பாகப் பெட்ரோல் எடுத்துக்கொண்டு நிற்காமல் ஓடியது. மாட்டினால் அணைந்தது. இருந்தால் ஓடாத, இல்லாவிட்டால் ஓடுகிற சாமானை என்ன சொல்வது? ஆனால் கழற்றியபோது இழுவை சுத்தமாக இல்லை. பெரிய டர்போ சும்மா அலங்காரத்துக்கு நின்றது. எனக்குத் தலை சுற்றியது. கௌஸ் பாய்க்கு எந்தக் குழப்பமும் இல்லை. "கைக்கு டென்ஷன் பாய்? கழட்டினா ஓடுது இல்ல? மாட்டவே நக்கோ." அவர் உருதுவில் ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

லோத்குண்டாவில் தீர்ப்பு

பொறுக்க முடியாமல் அடுத்த ஞாயிறு நானே லோத்குண்டா போனேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். ஷீலா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பானட் திறந்திருந்தது. ஜெபராஜ் ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு எண்ணெய் வைப்பதுபோலச் சொட்டச் சொட்ட எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எண்ணெயைத்தான் டர்போ இழுத்து, கம்பியில் பூசிக்கொண்டிருக்கிறது. எந்த மடையன் இதைச் சொல்லிக் கொடுத்தது என்று சத்தம் போட்டேன். ஜெபராஜ் எண்ணெய் பாட்டிலைக் காட்டினார். ஃபில்டர் மாட்டிய அன்று நான் கொடுத்த பாட்டில். எப்போதாவது கழுவிக் காயவைத்தபின் லேசாகத் தடவ வேண்டிய எண்ணெயை, வாராவாரம் தாராளமாக விடச் சொன்னதும் நான்தான். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் காது வலித்தாலும் எண்ணெய்தான் மருந்து. அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. வெட்கமாகப் போயிற்று. அத்தனை திங்கட்கிழமையும் வண்டி நின்ற கதையையும் ஷீலாவிடம் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இருவரும் ஷீலாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் வயிற்றில் கை வைத்தபடி வண்டியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "வண்டியை விக்க வேண்டாங்க. மெக்கானிக்கை மாத்திருங்க."

அவர்கள் என்னை மாற்றவில்லை, நான்தான் மாறிப்போய், எந்த வண்டி வந்தாலும் பானட்டைத் திறக்குமுன் ‘இதற்கு நான் ஏற்கெனவே ஏதாவது யோசனை சொல்லியிருக்கிறேனா?’ என்று கேட்டுக்கொள்கிறேன்.